நாற்பத்தோரு நன்றி அட்டைகள்

லண்டனிலிருந்து வந்த வக்கீல் மேசைமேல் வைத்த வாழ்த்து அட்டையில் பனிக்கு நடுவே ஒரு ராபின் குருவி உட்கார்ந்திருந்தது. அதைக் கடையில் பொறுக்கி எடுத்தவளே நான்தான். "உள்ள எழுதியிருக்கறதைக் கொஞ்சம் சத்தமா வாசிக்கறீங்களா, மிஸஸ் கூம்ஸ்?" என்றார் அவர், மிக மிக மரியாதையாக. ஸ்டோக் மார்லி ஊர்க்கூடத்தின் மடக்கு நாற்காலிகளில் எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். "அன்புள்ள திரு. ஃபேன்ஷா, மெர்வினின் சக்கர நாற்காலியை உங்கள் பாதையில் விட அனுமதித்ததற்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். இத்துடன் ஒரு ஜாடி பிளம் ஜாம். லோர்னா." தேதி 2009 டிசம்பர். அந்த வருடம் ஜாம் நன்றாகவே வந்திருந்தது, அதுவும் ஞாபகம் இருக்கிறது.

பழைய மாவு ஆலையின் மதிலை ஒட்டிப் போகும் பாதை அது. எங்கள் கீழ்முனையிலிருக்கும் இருபத்து மூன்று வீடுகளையும் மேலே இருக்கும் தேவாலயத்தோடும் கடையோடும் பப்போடும் சேர்ப்பது அது ஒன்றுதான். இன்னொரு வழி நெடுஞ்சாலை. அதில் நடைபாதை கிடையாது, குவாரி லாரிகள் வேலியை உரசிக்கொண்டு போகும். என் கணவன் மெர்வின் முப்பது வருடம் பஸ் ஓட்டியவன். சர்க்கரை நோய் ஒரு காலை எடுத்துக்கொண்ட பிறகும் வியாழக்கிழமை சாயங்காலம் தவறாமல் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு அந்தப் பாதை வழியே பப்புக்குப் போவான். ஸ்கிட்டில்ஸ் ஆட்டத்தில் ஒன்பது கட்டைகளையும் ஒரே பந்தில் சாய்த்துவிட்டு, பாட்டு முனகிக்கொண்டே திரும்பி வருவான். ஆலைக்குச் சொந்தக்காரரான ஃபேன்ஷா இறந்து, அதை வாங்கிய பிரெண்டிஸ் பாதைக்கு இரும்பு கேட் போட்டுப் பூட்டியதிலிருந்து பதினெட்டு மாதமாக அவன் எங்கள் தோட்டத்து வேலியைத் தாண்டவில்லை. காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றால் "நான் என்ன பார்சலா?" என்பான். அப்படிக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை பாதை ஊருக்கே உரியது என்று நாங்கள் போட்ட மனுவை விசாரிக்க அரசாங்கம் அனுப்பிய அதிகாரி காலையிலேயே எங்களுக்குப் புரியும்படி சொல்லியிருந்தார். நரைத்த தலை, சேறு காயாத பூட்ஸ். பாதையை மூன்று தடவை நடந்து பார்த்துவிட்டுத்தான் கூடத்துக்குள்ளேயே வந்தார் அந்த அம்மாள். "இருபது வருஷம் ஊர்க்காரங்க ஒளிஞ்சு மறைஞ்சு போகாம, யார்கிட்டயும் அனுமதி கேக்காம, தங்களோட பாதைன்னு நினைச்சு நடந்திருந்தா அது ஊர்ப்பாதை. அனுமதி வாங்கிட்டு நடந்திருந்தா நீங்க விருந்தாளிங்க. விருந்தாளியை எப்ப வேணா போகச் சொல்லலாம்" என்றார்.

எங்கள் ஊரைப் போல நன்றி சொல்லத் தெரிந்த ஊர் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. யாராவது எங்கள் காலை மிதித்தால் நாங்கள்தான் மன்னிப்புக் கேட்போம். ஃபேன்ஷாவோ ஒரு காகிதத்தைக்கூடத் தூக்கி எறியாத மனுஷன். அவர் இறந்தபோது வீட்டோடு மேசையும், மேசையோடு எங்கள் அட்டைகளும் பிரெண்டிஸ் கைக்கும், அவருடைய லண்டன் வக்கீல் கைக்கும் போய்விட்டன. மொத்தம் நாற்பத்தொன்று. பக்கத்து வீட்டு டோரீன் ஸ்டக்கி மட்டும் பதினொன்று எழுதியிருந்தாள், அதில் ஒன்று அவளுடைய நாயின் சார்பாக. பாதிரியார் தேவாலயத்துத் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் நன்றியைத் தாங்களே வாசித்துவிட்டு உட்கார்ந்தோம். மத்தியானத்துக்குள் எங்கள் மரியாதையே எங்களைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டது.

இந்த விசாரணைக்காக மட்டும் காரில் ஏறச் சம்மதித்த மெர்வின், கடைசி வரிசைக்குப் பின்னால் தன் நாற்காலியில் இருந்தான். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

அதிகாரி அட்டைகளைத் தேதிப்படி அடுக்கிக்கொண்டிருந்தார். "ஒண்ணு கவனிச்சேன்," என்றார். "முதல் அட்டை 1987 அக்டோபர். அதுக்கு முன்னாடி ஒரு நன்றிகூட இல்ல. அந்த வருஷம் என்ன நடந்துச்சு? யாராவது பாதையை மறிச்சாங்களா? மறிச்சு, யாராவது அதை எதுத்து நின்னிருந்தா, அந்த நாள்லேர்ந்து பின்னோக்கி இருபது வருஷத்தை நான் எண்ணலாம். இந்த அட்டை எதுவும் கணக்குலயே வராது."

எண்பது பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய அத்தனை பேருக்கும் விடை தெரியும். அந்த விடையின் பெயர் நோரிஸ் ஹக்கர். அந்தப் பெயரை முப்பத்திரண்டு வருடமாக இந்தக் கூடத்தில் யாரும் சொன்னதில்லை. நான் ஊர்மன்ற எழுத்தர், பழைய தீர்மானப் புத்தகங்கள் எல்லாம் என் துணி அலமாரியின் அடியில்தான் இருக்கின்றன. கையைத் தூக்கினேன். "நாளைக்குக் காலைல கொண்டு வரேன்," என்றேன்.

நடந்தது இதுதான். அந்த செப்டம்பரில் ஃபேன்ஷா பாதையின் குறுக்கே ஒரு சங்கிலி கட்டினார். நாங்கள் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே நெடுஞ்சாலை வழியாகச் சுற்றினோம். நோரிஸ் மட்டும் ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், ஆராதனை முடிந்து ஊரே வெளியே வரும் நேரத்தில், இரும்பு அறுக்கும் ரம்பத்தோடு போய்ச் சங்கிலியை இரண்டு துண்டாக அறுத்தார். அறுத்ததைச் சுருட்டி ஃபேன்ஷாவின் வாசற்படியில் வைத்துவிட்டு, மணியையும் அடித்துவிட்டு வந்தார். ஊருக்கு அவமானமாகப் போயிற்று. மன்றம் கூடி நோரிஸைக் கண்டித்தது, ஃபேன்ஷாவிடம் மன்னிப்புக் கேட்டது. அவர் பெருந்தன்மையாகச் சிரித்து, இனி எல்லோரும் தாராளமாக நடக்கலாம் என்றார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எங்கள் நன்றி மழை. நோரிஸை ஸ்கிட்டில்ஸ் அணியிலிருந்து எடுத்தார்கள், அறுவடை விருந்துக்கு அழைக்கவில்லை. அவர் மேல்முனையில் தனியாகக் குடியிருந்துகொண்டு, மூன்று மைல் நடந்து பக்கத்து ஊர் பப்பில் குடித்துவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்து அந்தக் கண்டனத் தீர்மானம் இருந்த பக்கத்தைத் தேடினேன். மெர்வின் தேநீரை ஆறவிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமோதிச்சது யாருன்னு பாத்தியா?" என்றான்.

"பாத்தேன்."

"நான்தான்."

"தெரியும் மெர்வின். எழுதியிருக்கே."

"போகாத லோர்னா. அந்த ஆளு முகத்துல அறைஞ்ச மாதிரி கதவைச் சாத்துவான். சாத்தவும் வேணும்."

நான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி மேல்முனைக்குப் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. பாதை வழியாக ஆறு நிமிடம்.

நோரிஸ் கதவைப் பாதி திறந்து, அப்படியே நின்றார். எழுபது வயது, கழுத்தில் துண்டு மாதிரி ஒரு பழைய மஃப்ளர்.

"என்ன, எழுத்தரம்மா வழி தவறி வந்துட்டீங்களா?"

"நாளைக்கு நீங்க கூடத்துக்கு வரணும், நோரிஸ்."

"எதுக்கு? மன்னிப்புக் கேக்கவா?"

"சாட்சி சொல்ல. சங்கிலியைப் பத்தி."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நன்றாக, மூச்சு வாங்கும்வரை சிரித்தார். "இரும்புக் கேட்டு போட்டப்பவே நினைச்சேன், ஒருநாள் ஒருத்தர் வருவாங்கன்னு. ரம்பம் அங்கதான் தொங்குது பாரு. இந்தத் தடவை நான் அறுக்க மாட்டேன். ஒரு தடவை அறுத்துப் பாத்தாச்சு, உங்க லட்சணமும் தெரிஞ்சு போச்சு."

"அறுக்க வேண்டாம். அறுத்ததைச் சொன்னாப் போதும்."

"யாருக்காக?"

ஊருக்காக என்று சொல்லத்தான் வந்தேன். வாய் வேறு சொல்லிவிட்டது. "மெர்வினுக்காக. ஒன்றரை வருஷமா ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்கான். எனக்குப் பயமா இருக்கு, நோரிஸ்."

அவர் சிரிப்பு நின்றது. நெடுஞ்சாலைச் சேறு அப்பிய என் பூட்ஸைப் பார்த்தார். "ஒரு கண்டிஷன். அந்தத் தீர்மானத்தை முழுசா வாசிக்கணும். ஒரு வரி விடக்கூடாது, ஒரு பேரு விடக்கூடாது. நீயே வாசிக்கணும். நான் முன் வரிசைல உக்காந்து கேப்பேன்."

மறுநாள் அப்படியே உட்கார்ந்தார், கைகளைக் கட்டிக்கொண்டு. நான் எழுந்து நின்று வாசித்தேன். "ஊராரின் நினைவுக்கு எட்டாத காலம் முதல் எல்லோரும் தங்கள் உரிமையெனக் கருதித் தடையின்றி நடந்துவந்த ஆலைப் பாதையில், திரு. ஃபேன்ஷா அவர்கள் கட்டிய சங்கிலியை அறுத்த நோரிஸ் ஹக்கரின் முரட்டுத்தனமான, வெட்கக்கேடான, இந்த ஊருக்கே இழிவு தரும் செயலை மன்றம் வன்மையாகக் கண்டிக்கிறது..." எழுத எழுத அன்றைய எழுத்தருக்கு ஆத்திரம் கூடியிருக்கிறது, ஒன்றரைப் பக்கம் போகிறது. கண்டிக்கிற அவசரத்தில், நாங்கள் நிரூபிக்க வேண்டிய அத்தனையையும் முதல் வரியிலேயே எழுதி வைத்துவிட்டார் அந்தப் புண்ணியவான். அதிகாரியின் பேனா வேகமாக ஓடியது. கடைசி வரியையும் விடாமல் வாசித்தேன். "ஆமோதித்தவர், மெர்வின் கூம்ஸ்."

"நான்தான் அது," என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். மெர்வின் இரண்டு கைகளையும் நாற்காலியின் பிடிகளில் ஊன்றி, எழுந்து நிற்கப்போகிறவனைப் போல உடம்பைத் தூக்கியிருந்தான். "தப்பு பண்ணிட்டேன், நோரிஸ். நீ செஞ்சது சரி. நாங்க எல்லாரும் கோழைங்க."

"முப்பத்திரண்டு வருஷம் யோசிச்சுக் கண்டுபிடிச்சிருக்கான்," என்றார் நோரிஸ், திரும்பாமலேயே. ஆனால் காது சிவந்துவிட்டது.

வக்கீல் விடவில்லை. "மிஸ்டர் ஹக்கர், அந்தப் பாதையைப் பயன்படுத்தினதுக்கு நீங்க என்னைக்காவது திரு. ஃபேன்ஷாவுக்கு நன்றி சொன்னதுண்டா?"

"எதுக்கு?"

"உங்களை நடக்க விட்டதுக்கு."

"என் காலு, என் பாதை. அவன்தான் எனக்கு நன்றி சொல்லணும், சங்கிலியைப் பத்திரமா வீட்டுல கொண்டுபோய் வெச்சதுக்கு."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அதிகாரி தலையைக் குனிந்து எதையோ தேடுவதுபோலச் சமாளித்தார். பிறகு ஊரின் மூத்தவர்கள் ஐந்து பேர் மறுபடி எழுந்தார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பள்ளிக்கூடத்துக்கும், கல்யாணத்துக்கும், பால் வாங்கவும் அந்த வழியே போனதைச் சொன்னார்கள். யாரையாவது கேட்டீர்களா என்றார் வக்கீல். கேட்கத் தோன்றவே இல்லை என்றார்கள், ஐந்து பேரும், ஒருவர்பின் ஒருவராக. முந்தின நாள் அட்டை வாசித்த அதே வாய்கள்தான். இன்றைக்கு அவற்றில் தயக்கமே இல்லை.

பதினோரு வாரம் கழித்து முடிவு வந்தது. கடிதத்தை நான் வாசலிலேயே பிரித்தேன். உள்ளே நாலு பக்கம் இருந்தது, எனக்கு இரண்டாவது வரிக்குமேல் எதுவும் கண்ணில் படவில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோம். எங்கள் ஊர் ஜெயித்துவிட்டது. தெருவின் நடுவில் நின்று அந்த வயதில் நான் போட்ட கூச்சலில் டோரீனின் நாய் கட்டிலுக்கடியில் போய்ப் புகுந்துகொண்டதாம். அரை மணி நேரத்தில் தேவாலயக் கோபுரத்தின் ஆறு மணிகளும் சேர்ந்து ஒலிக்க ஆரம்பித்தன. கல்யாணம் கிடையாது, பண்டிகை கிடையாது, வெறும் திங்கட்கிழமை.

கேட்டைக் கழற்றிய வாரத்து வியாழக்கிழமை சாயங்காலம் கீழ்முனை முழுக்கப் பாதையின் வாயில் கூடியது. மார்ச் மாதம், வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. பிரெண்டிஸ் தன் வாசலில் நின்று கொஞ்சம் சங்கடத்தோடு கையை உயர்த்தினார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. டோரீனின் வாய் தானாகத் திறப்பதைப் பார்த்து நான் அவள் கையில் அழுத்திக் கிள்ளினேன்.

"வாயை மூடு டோரீன்."

"குட் ஈவினிங்தான் சொல்ல வந்தேன்!"

"அதோட நிறுத்து."

நோரிஸ் மேல்முனையிலிருந்து அந்தப் பாதை வழியாகவே எதிரே நடந்து வந்தார். மெர்வினுக்கு முன்னால் நின்று, அவன் தோள்களை அளப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். "ஒன்றரை வருஷம் சும்மா உக்காந்தவன் கையில பந்து நிக்குமா?"

"வந்து பாரு."

"நான்தான் முதல் பந்து."

"அணியில உன் பேரைச் சேத்தா பாக்கலாம்."

நோரிஸ் திரும்பி, யாருக்காகவும் காத்திராமல் நடந்தார். மெர்வின் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டான். சேறு இன்னும் காயவில்லை, முதல் பத்தடி ஏற்றம் வேறு. வீட்டுக்குள் இத்தனை மாதம் தள்ளிய பழக்கம், என் கைகள் தாமாகவே நாற்காலியின் பிடியைத் தேடிப் போயின. அதற்குள் அவன் சக்கரத்தை ஓங்கித் தள்ளிவிட்டான். ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு, ஏற்றத்தைத் தாண்டிவிட்டான். பின்னால் யாரோ கைதட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நோரிஸை எட்டிப் பிடிக்கும் வேகத்தில் ஆலை மதிலின் வளைவில் மறைந்தான். சேற்றில் இரண்டு சக்கரக் கோடுகளில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. என் இரண்டு கைகளும் தள்ளுவதற்கு ஒன்றுமில்லாமல் முன்னால் நீண்டபடியே இருந்தன.