பரிபூரணம் வச்சிருக்குற போன்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. கையில் இருக்கும் போனைச் செத்த நேரம் மடியில் போட்டுக்கோங்க. போன் விற்கப்போன ஒருத்தி பட்ட பாட்டைத்தான் சொல்லப்போறேன்.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நாகஜோதி கையால் ஒரு போன்கூட விற்கவில்லை. இன்றைக்கும் விற்காவிட்டால் நாளைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். கேமரா, மெமரி, பிராசசர் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கேட்கத்தான் ஆளில்லை.

மத்தியானம் பரிபூரணம் வந்தாள். நூல் மில்லில் சிப்ட்டு முடித்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் மாரிசெல்வியிடம் பேச ஒரு போன் வேண்டும் என்றாள். நாகஜோதி ஒரு போனை எடுத்துக் கேமராவைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னாள். பரிபூரணமோ பாட்டுப் போடச்சொல்லி, காதில் வைத்துப் பார்த்து, கலர் சரியில்லை என்றாள். அடுத்தது கனமாம். அதற்கடுத்தது வழுக்குதாம். வழுக்காததைக் கொடுத்தால், சோப்பு டப்பா மாதிரி இருக்காம். மேஜை முழுக்கப் போனைப் பரப்பியாயிற்று. முதலாளி கல்லாவில் இருந்தபடி முறைத்துக்கொண்டிருந்தார். நாகஜோதிக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

"என்னதான் வேணும்னாச்சும் சொல்லுங்கக்கா."

பரிபூரணம் இன்னொரு போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மேஜைக்கடியில் நாகஜோதியின் சொந்தப் போன் கோயில் கொட்டு மாதிரி அலறியது. பரிபூரணம் சட்டென்று திரும்பினாள்.

"ஏட்டி, அது எந்தப் போனு?"

அப்போதுதான் நாகஜோதிக்கு உறைத்தது. மில் மிஷின் சத்தத்தில் நின்று நின்று பரிபூரணத்துக்கு மந்தமாகிப்போன காது. மகள் பேசுவது கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான் கலரையும் கனத்தையும் குறை சொல்லியிருக்கிறாள். நாகஜோதி வைத்திருந்த அதே விலை குறைந்த மட்டப் போன், யாரும் சீண்டாமல் கடை மூலையில் கிடந்தது. எடுத்து, பரிபூரணத்தின் சிம்மைப் போட்டு, மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

பரிபூரணம் முகம் மலர்ந்து சொன்னாள்: "மெல்லப் பேசுடி, கடைக்கே கேக்குது."

வேலை தப்பியது. பாடு தப்பவில்லை. மறுநாளே மில்லுக்காரப் பெண்கள் கூட்டமாக வந்து, பரிபூரணம் வச்சிருக்குற போன்தான் வேண்டும் என்றார்கள். பாம்புக்காது உள்ளவளும் அதையேதான் கேட்டாள். கேமரா நல்ல போனைப் பாருங்கக்கா என்று நாகஜோதி மன்றாடியதற்கு ஒருத்தி சொன்னாள்: "அவ வச்சா ஆகும், நான் வச்சா ஆகாதாக்கும்?"

மூலையில் கிடந்த போனெல்லாம் தீர்ந்தது. இது ஓடும் என்று தனக்கு முதலிலேயே தெரியும் என்ற முதலாளி, கேமராவை இன்னும் விளக்கமாகச் சொல்லிப் பழகு என்று அவளுக்குப் புத்தியும் சொன்னார்.

நீங்க நல்லா இருங்க தாயிகளா. தூரத்துல கட்டிக்கொடுத்த உங்க பிள்ளைக சிரிப்புச் சத்தம் எந்நாளும் உங்க வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்கட்டும்.