கரடி சார் சொல்லாமல் விட்டது

எங்க வீட்டுக்காரரை இப்ப யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லை. கரடி சார்! ரிட்டயரான மனுஷன் வீட்ல சும்மா கிடக்கட்டும், பேப்பர் படிக்கட்டும், தூங்கட்டும்னு நான் நெனச்சா, துரை டெடி கரடி தைக்க உக்காந்துட்டார். தைச்சுட்டுப் போகட்டும்னு விட்டா, தைக்கிறது எப்படின்னு உலகத்துக்கே சொல்லித்தரக் கிளம்பிட்டார். வாரத்துக்கு ஒரு வீடியோ. அதுக்குன்னு ஒரு தொப்பி வேற. வீட்டுக்குள்ள, ஃபேனுக்கு அடியில, தொப்பி!

"வணக்கம் நண்பர்களே"ன்னு ஆரம்பிக்கும்போது ஒரு குரல் வரும் பாருங்க, தேன்ல தோய்ச்சு எடுத்த மாதிரி. அந்தக் குரலை இத்தனை வருஷத்துல நான் ஒரு நாள் கேட்டதில்லை. எங்கிட்ட பேசறதெல்லாம் "டீ எங்கே", "கண்ணாடி எங்கே", அவ்வளவுதான். அதனால அவர் வீடியோவை நான் பார்க்கிறதே இல்லை. நேர்ல பார்க்கிற கொடுமையே எனக்குப் போதும்.

நல்லா தைக்கிறாரான்னு கேட்டா, தைக்கிறார். அதுல பொய் சொல்லக்கூடாது. முடித்துணியை வெட்டும்போது கத்திரி நுனியை முடிக்கு அடியில நுழைச்சு, அடித்துணியை மட்டும்தான் வெட்டுவார். மேலோட வெட்டினா, சலூன்ல பாதியில எழுந்து வந்த ஆள் மாதிரி கரடிக்கு ஓரமெல்லாம் மொட்டையாயிடும். தைச்சு முடிச்சதும் தையல்ல மாட்டிக்கிட்ட முடியை ஊசி நுனியால ஒண்ணொண்ணா வெளியே எடுத்து விடுவார். கட்டின பொண்டாட்டிக்கு ஒரு நாள் தலை வாரி விட்டிருப்பாரா? கரடிக்கு மணிக்கணக்கா நடக்கும்.

அதுல ஒரு கரடிக்கு ஏதோ கைவினைக் கண்காட்சியில முதல் பரிசு கொடுத்துட்டாங்க. அவ்வளவுதான், மனுஷனுக்குத் தலைகால் புரியலை. அந்தக் கரடிக்கு ராஜான்னு பேர் வெச்சார். ஹால்ல கண்ணாடி அலமாரியில எங்க கல்யாண போட்டோ இருந்த இடத்துல ராஜா ஏறி உக்காந்தாச்சு. கல்யாண போட்டோ ஃபிரிட்ஜ் பக்கத்துல, கரண்ட் மீட்டருக்குக் கீழே. அலமாரிக்குப் பூட்டு, சாவி ஐயாவோட மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள. நம்ம வீட்ல பூட்டி வெக்கிற அளவுக்கு இருக்கிற சொத்து அது ஒண்ணுதான்.

அந்த ராஜாவுக்காகத்தான் என் தோல் ஹேண்ட்பேகை வெட்டினார். என்னைக் கேக்காம! பிரவுன் கலர், தங்க நூல் தையல் போட்டது. வந்து பார்த்தா மேஜை மேல வட்டம் வட்டமா கிடக்கு. "ஏங்க, இது அநியாயமா இல்லை?"ன்னு கத்தினேன். "பழசுதானே. இங்க பாரு, இந்த பிளாஸ்டிக் கண்ணோட காம்பைத் துணியில நேரா குத்தி, பின்னால வாஷர் மாட்டினா, இழுக்க இழுக்கத் துணி நெகிழ்ந்து வாஷரோட சேர்ந்து வெளியே வந்துடும். பின்னால தோல் வெச்சு மாட்டினா யானை இழுத்தாலும் வராது"ன்னு எனக்கே பாடம் எடுத்தார். பேக் போன வயித்தெரிச்சல்ல அந்தப் பாடம் ஒரு எழுத்து விடாம மனசுல பதிஞ்சுடுச்சு.

இதுவரைக்கும் சொன்னது அலட்டல். இனிமே சொல்றது அற்பத்தனம். இவர் ஆபீஸ்ல செக்‌ஷன் தலைவரா இருந்த காலத்துலயே கீழ வேலை பார்த்தவங்களுக்கு எதையும் முழுசா சொல்லித் தரமாட்டார். ஒரு படியை மட்டும் கைக்குள்ள வெச்சுப்பார். அப்பதான் இவர் லீவு போட்டா வேலை நிக்கும், வீட்டுக்கு போன் வரும், இவர் "நான் இல்லைன்னா என்ன ஆகும் பார்"னு எங்கிட்ட பீத்திக்கலாம். ரிட்டயரானதும் போன் நின்னுச்சு. கரடி வந்ததும் மறுபடி ஆரம்பிச்சுடுச்சு.

வீடியோல எல்லாத்தையும் அள்ளிக் கொடுக்கிற மாதிரிதான் பேசுவாராம். ஒவ்வொண்ணுலயும் ஒரு படி காணாமப் போயிருக்கும், அதை எங்கிட்ட பீத்திக்கவும் செய்வார். கழுத்து மூடுறதுக்கு இவர் மெழுகு தேய்ச்ச நூலை ரெட்டையாப் போடுவார். மத்தவங்களுக்கு "நூல்"னு மட்டும் சொன்னார். இவரோட சிஷ்யை ஒருத்தி, பல் டாக்டர். பாவம், ஆசை ஆசையா ஒரு கரடி தைச்சுத் தன் கிளினிக்ல வெச்சா. பல் பிடுங்க வந்த குழந்தைங்க முன்னாடி அதோட தலை கழண்டு கீழே உருண்டுச்சாம். எல்லாக் குழந்தையும் ஓன்னு அழுது ஓடிப் போச்சாம். அவ போன் பண்ணி அழுதா, இவர் "கைராசின்னு ஒண்ணு இருக்கும்மா, போகப் போக வரும்"னு ஆறுதல் சொல்லிட்டு, போனை வெச்சதும் டீ மூக்குல ஏறுற வரைக்கும் சிரிச்சார். வெக்கங்கெட்ட சிரிப்பு.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க மக வந்தா, இடுப்புல பேத்தியோட. பேத்திக்கு இன்னும் நடை வரலை, கையில கிடைச்சதெல்லாம் நேரா வாய்க்குப் போற வயசு. மக ஒரு கம்பெனியில கணக்கு பார்க்கிறா. ஊசியில நூல் கோக்கவே திணறுற ரகம். "உனக்குக் கைவேலை வராது பாப்பா"ன்னு சின்ன வயசுல இருந்து அவ அப்பா சொல்லிச் சொல்லியே ஊசியைக் கண்டாலே அவளுக்கு ஒரு கூச்சம். அப்படிப்பட்டவ பையில இருந்து எதையோ எடுத்து முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டு, "அப்பா, கண்ணை மூடுங்க"ன்னா.

சாம்பல் கலர்ல ஒரு கரடி. கொஞ்சம் தொப்பை, கொஞ்சம் கோணல், ஆனா கரடிதான். "நானே தைச்சேம்ப்பா! உங்க வீடியோ பார்த்துத்தான். குட்டிக்காக. உங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லலை." முகமெல்லாம் பூரிச்சுப் போய் நிக்கிறா. முப்பது வயசுக்காரி பள்ளிக்கூடத்துல படம் வரைஞ்சுட்டு வந்த குழந்தை மாதிரி அப்பா வாயையே பார்க்கிறா.

பெரியவர் கண்ணாடியை மாட்டினார். நீதிபதி தோத்தார்! "முடி கீழ்ப்பக்கம் படுத்திருக்கு. நல்லது. காது ஒரே மட்டம். நல்லது. மூக்கு கொஞ்சம் இடது பக்கம் சாயுது. பரவாயில்லை." ஒவ்வொரு நல்லதுக்கும் மக முகம் ஒரு சுத்து பெருசாச்சு. அப்புறம் கட்டைவிரலைக் கரடியோட கண் மேல வெச்சார். மெதுவா திருப்பினார். அது ஆடுச்சு. இன்னொரு கண்ணையும் தொட்டார்.

"கண் சரியா இருக்காப்பா? அந்த இடத்தை மட்டும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்."

அவர் மகளைப் பார்த்தார். கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். "ம், நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டுக் கரடியைப் பேத்தி கையிலயே கொடுத்தார். நான் டீத் தட்டோட நின்னுக்கிட்டிருந்தேன். அப்ப எனக்கு உறைக்கலை. டீ ஆறுதேன்னு இருந்தேன்.

மகளும் நானும் சமையக்கட்டுக்குப் போனோம். "குழந்தையைப் பார்த்துக்குங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போனேன். பல் டாக்டர்கிட்ட இருந்து போன் வந்துச்சாம், ஐயா பால்கனிக்குப் போயிட்டார். கைராசியைப் பத்திச் சத்தமா பேசறது சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. குழந்தை சத்தம்தான் கேக்கலை. ஓடி வந்தேன், பின்னாலயே மகளும் வந்தா.

பாய் மேல குழந்தை உக்காந்திருக்கு. கரடி குப்புறக் கிடக்கு. புரட்டிப் பார்த்தா ஒரு கண் இருக்கு. இன்னொரு கண் இருந்த இடத்துல ஓட்டை, ஓரத்துல ரெண்டு நூல்.

"கண் எங்கே?"ன்னு கத்தினேன்.

நான் பாயை உதறினேன். சோஃபாவைத் தள்ளினேன். அவர் பால்கனியில இருந்து வந்து பார்த்தார், போன் கையிலயே இருக்கு, முட்டி போட்டு மேஜைக்கு அடியில தடவினார். "இங்கதான் இருக்கும், இங்கதான் இருக்கும்." மக மட்டும் தேடலை. குழந்தை முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. வாய் இறுக்கமா மூடியிருக்கு, ஓரத்துல எச்சில் வழியுது. க்க்னு ஒரு சத்தம் வந்துச்சு, அப்புறம் அந்தச் சத்தமும் வரலை.

ஊசியில நூல் கோக்கத் தெரியாதவ, குழந்தையைத் தூக்கி முன்கை மேல குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகுல உள்ளங்கையால அடிச்சா. ஒண்ணும் இல்லை. மறுபடி அடிச்சா. என் உயிரே என்கிட்ட இல்லை. மறுபடியும் அடிச்சதும் டொக்னு தரையில விழுந்துச்சு. கறுப்புக் கண், பின்னால காம்பு, காம்புல வாஷர், எல்லாம் எச்சிலோட. குழந்தை வீடே அதிர்ற மாதிரி வீறிட்டுது. அப்பா, என்ன ஒரு அருமையான அழுகை!

மக தரையில சரிஞ்சு உக்காந்து குழந்தையை நெஞ்சோட அழுத்திக்கிட்டா. "நான்தாம்மா. எனக்குக் கைவேலை வராதுன்னு தெரிஞ்சும் தைச்சேனே. என் குழந்தையை நானே கொல்லப் பார்த்தேனே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. அழுதுக்கிட்டே அவ அப்பாவைப் பார்த்தா.

நானும் அவரைப் பார்த்தேன். இப்பவாவது மகளுக்கு ஒரு ஆறுதல் சொல்வார்னு காத்திருந்தேன். தொண்டையைச் செருமிக்கிட்டார். "துணி கொஞ்சம் லேசு பாப்பா. புதுசா தைக்கிறவங்களுக்கு இப்படி ஆகறதுதான். போகப் போகக் கைராசி..."

கைராசியா! அப்பத்தான் எனக்கு எல்லாம் ஒண்ணா விளங்குச்சு. கட்டைவிரலால திருப்பிப் பார்த்தது, அலமாரியைப் பார்த்தது, கரடியைத் திருப்பிக் குழந்தை கையில கொடுத்தது. அவர் கண்ணாடிக் கூட்டுல இருந்து சாவியை எடுத்தேன், அலமாரியைத் திறந்தேன், ராஜாவை வெளியே இழுத்தேன். காகிதம் வெட்டக்கூட என்னைத் தொட விடாத அந்தக் கத்திரியை எடுத்து ராஜாவோட கழுத்துல நுழைச்சேன்.

"ஐயோ! ராஜா!"ன்னு அலறினார். குழந்தைக்கு மூச்சு நின்னப்ப இந்த மனுஷன் இப்படி அலறலை. அதை நானும் கவனிச்சேன், மகளும் கவனிச்சா.

மெழுகு நூல், ரெட்டை. அறுக்கவே கை வலிச்சுது. தலையை அறுத்து, பஞ்சையெல்லாம் பிடுங்கிப் போட்டு, முகத்தை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பி மக முன்னாடி நீட்டினேன். ரெண்டு கண்ணுக்கும் பின்னால பிரவுன் கலர்ல ரெண்டு வட்டத் தோல். ஒண்ணுல தங்க நூல் தையல் பாதி ஓடுது.

மக அதை விரலால தடவினா. "இது உன் ஹேண்ட்பேக்தானேம்மா?"

"ஆமா."

"வீடியோல இது இல்லையே." இழுத்துப் பார்த்தா. கண் அசையலை. அப்புறம் அவரை நிமிர்ந்து பார்த்தா. "அப்பா, நீங்க தொட்டுப் பார்த்தீங்களே. ரெண்டு கண்ணையும் திருப்பிப் பார்த்தீங்களே. அப்பவே தெரியுமா?"

அவர் என் கையைப் பார்த்துக்கிட்டு, "முதல்ல அந்தத் தலையை இப்படிக் கொடு. பஞ்சு எல்லாம் கொட்டுது"ன்னார்.

மக அழுகையை நிறுத்திட்டா. தரையில கிடந்த கண்ணை எடுத்தா. அவர் கையைப் பிடிச்சு, உள்ளங்கையில அதை வெச்சு, விரலையெல்லாம் ஒவ்வொண்ணா மடக்கி விட்டா. "இதையும் அலமாரியில வெச்சுப் பூட்டிக்கோங்கப்பா"ன்னா. குழந்தையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டா. நான் கூப்பிட்டேன், நிக்கலை. அவ தைச்ச கரடி ஒத்தைக் கண்ணோட பாய் மேலயே கிடந்துச்சு.

இவர் சோஃபாவுல உக்காந்து திருதிருன்னு முழிச்சார். கையைத் திறக்கவும் இல்லை, அந்தக் கண்ணைக் கீழே போடவும் இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு, "பாப்பா திரும்ப வருவாளா?"ன்னு எங்கிட்ட கேட்டார். இவர் வீடியோவைப் பார்த்துக் கண் மாட்டினவங்க எத்தனை பேரோ, அந்தக் கரடிங்க இப்ப எந்தெந்தக் குழந்தை கையில இருக்கோ, அதுதான் என் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருந்துச்சு.

ராஜாவோட வெறும் முகத்தை அவர் மடியில போட்டேன். போனை எடுத்து, வீடியோவை ஓட விட்டு, அவர் முகத்துக்கு நேரா பிடிச்சேன். பழக்க தோஷம், அவர் கை தானா தொப்பியைத் தேடுச்சு. தொப்பியைத் தூக்கி எறிஞ்சேன்.

"வணக்கம் நண்பர்..."

"வணக்கம் யாருக்கு வேணும்? கண்ல இருந்து ஆரம்பிங்க."