பாதைக்குக் குறுக்கே ஒரு வேலி

வசந்தமலருக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. காலில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டவள்போல லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டின் குசினிக்கும் முன்வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்தது. அதையும் ஏசிக்கொண்டுதான் இறக்கினாள். நெதர் கோல்வே என்ற குக்கிராமத்தில் இன்று செத்தவீடு. செத்தவள் டோரத்தி, தொண்ணூறு வயது வெள்ளைக்காரக் கிழவி, இவளுக்கு இனமுமில்லை, சனமுமில்லை. ஆனால் அந்தப் பிரேதம் எந்த வழியால் போகும் என்பதில்தான் வசந்தமலரின் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அவள் புருஷன் பாலேந்திரா, லண்டனில் காலமெல்லாம் அடுத்தவன் கடையில் நின்று அலுத்துப்போய், அந்தக் குக்கிராமத்தின் ஒரே கடையைப் பின்வீட்டோடு வாங்கிவிட்டார். காணி வாங்கிய கையோடு யாழ்ப்பாணத்தான் என்ன செய்வான்? வேலி போடுவான். அதுவும் வசந்தமலர் விட்டேனா பார் என்று ஒற்றைக்காலில் நின்று போடுவித்த வேலி. பின்வளவுக்குள்ளால் ஓர் ஒற்றையடிப்பாதை போனது. ஊரில் யார் செத்தாலும் பெட்டியைத் தோளில் சுமந்து அந்த வழியால்தான் தேவாலயத்துக்குக் கொண்டுபோவார்களாம்.

"குசினி யன்னலுக்கு நேர பிரேதம் போறதோ? அடைச்சுப் போடுங்கோ! இல்லாட்டி நான் அந்த வீட்டில கால் வைக்கமாட்டன்."

அவர் அடைத்தார். அவளோ ஏதேதோ சாட்டுச் சொல்லிக்கொண்டு இன்னும் லண்டனிலேயே இருந்தாள்.

பாதையின் கதையை, பாண் வாங்க வந்த டோரத்திதான் பாலேந்திராவுக்குச் சொன்னாள். பழைய ஊர் கீழே ஆற்றங்கரையில் இருந்ததாம். கொள்ளைநோய் வந்து பாதிச் சனத்தை வாரிக்கொண்டுபோக, மிஞ்சியவர்கள் மேட்டில் ஏறிப் புதுவீடு கட்டினார்களாம். தேவாலயத்தையும் சவக்காலையையும் தூக்கிக்கொண்டு ஏற முடியுமா? அவை கீழே வயலுக்குள் தனியே நின்றுவிட்டன. அன்றுதொட்டு, செத்தவர்கள் மட்டும் பழைய ஊருக்குத் திரும்பிப் போகிறார்கள். வாகன ரோட்டு மேட்டைச் சுற்றி வளைந்து போகும். பாதை நேரே இறங்கும்.

வேலி எழும்பியபோது ஊரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அதுதான் வசந்தமலரை அரித்தது. நம்மூர் என்றால் ஓரடி எல்லைக்கே வேலிக்கு மேலால் வசைமாரி பொழிந்திருக்கும். திருப்பி ஏசலாம், மனம் ஆறும். இவர்கள் பாலேந்திராவுக்குச் சிரித்துக் 'குட் மோர்னிங்' சொன்னார்கள், மழையைப் பற்றிக் கதைத்தார்கள், பாலுக்குப் பக்கத்து ஊருக்குப் போனார்கள். டோரத்தி ஒருத்திதான் கடைசிவரை கடைக்கு வந்தாள்.

நேற்று பாலேந்திரா போனில் கேட்டார்: "மலர், வேலியைக் கழட்டட்டோ? டோரத்தியின்ர பெட்டியை வான்ல ஏத்தி, ரோட்டால கொண்டுபோகப் போகினமாம்."

"கழட்டுங்கோ. பிறகு அந்த வீட்டில நீங்கள் தனியத்தான் இருக்கோணும்!" சொல்லிவிட்டுப் போனை வைத்தவள் இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை. கோபமா, வெட்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. காலையிலிருந்து எடுக்கிறாள், மனுஷன் போனைத் தூக்கினால்தானே!

மத்தியானம் அவரே எடுத்தார்.

"கழட்டிப்போட்டன், மலர். வான் வந்து நிண்டது. சனம் வேலியில்லாத வளவைப் பாத்துது. பிறகு ஒண்டும் பேசாமல் பெட்டியை இறக்கித் தோளில வைச்சினம்."

"என்ர சொல்லுக்கு மதிப்பு அவ்வளவுதானோ?"

"கேளுமன். ஒரு தோள் குறைஞ்சுது. அவவின்ர மகன் என்னைப் பாத்து, நீங்கள் வாறியளோ எண்டு கேட்டார். நானும் போய்ப் பிடிச்சன்."

"ஐயோ, என்ர முருகா! ஆரோ ஒருத்தியின்ர பிரேதத்தைத் தூக்கினனீங்களோ?" வசந்தமலருக்குத் தலை சுற்றியது. "குளிச்சியளோ? குளியாமல் அப்பிடியே வீட்டுக்குள்ள பூந்திட்டியளோ?"



"உள்ள பூரேல்லை. பின்கதவடியில மழையில நனைஞ்சுகொண்டு நிக்கிறன். வாசல்ல ஒரு வாளி தண்ணி எடுத்து வைக்க இஞ்ச ஆர் இருக்கினம், மலர்?"

வசந்தமலருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாவிக்கொத்தில் கார்த் திறப்பைத் தேடி எடுத்தாள்.

"மழைக்குள்ள நிண்டு விறைக்காமல் உள்ள போய்க் குளியுங்கோ. வீட்டை நான் வந்து கழுவிறன்."