சின்னமணல் குப்பத்தில் ஒரு பிரசவம்

சட்டசபையில் கேள்வி கேட்பவர் பொன்னுரங்கம். அதை எழுதிக் கொடுப்பவள் நான். அவர் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ., ஆளுங்கட்சிக்காரர், மயிலாப்பூரில் எனக்கு அடுத்த தெரு. மைக்கைப் பிடித்தால் ஒரு மணி நேரம் விடமாட்டார். பேனாவைப் பிடித்தால் கை ஓடாது. நான் பெசன்ட் நகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அதனால், "ஆலிஸ் டீச்சர், கோட்டையில படிக்கிற மாதிரி கெத்தா எழுதிக் குடுங்க" என்று வாசலில் வந்து நிற்பார். கெட்ட மனுஷர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கெட்டவராக இருந்திருந்தால் இத்தனை கோபம் வந்திருக்காது.

அந்த வருஷம் நான் எழுதியது சின்னமணல் குப்பத்து மகப்பேறு நிலையத்தைப் பற்றி. பழைய அமைச்சர் ஒருவர் ரிப்பன் வெட்டித் திறந்துவிட்டுப் போன கட்டடம். கார் திரும்பியதும் பூட்டினார்கள், அவ்வளவுதான். கல்வெட்டில் அவர் பெயர் பளபளக்கும். வராந்தாவில் ஆடுகள் படுத்திருக்கும். எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் ஹாஜிரா பீ அந்தக் குப்பத்துக்காரி. அவள் மகள் சகினாவுக்குத் தலைப்பிரசவம் ஆட்டோவில், அடையாறு பாலத்தின் மேல், பஸ்களுக்கு நடுவே நடந்தது. அந்தக் குழந்தை அழவே இல்லை. இப்போது சகினா மறுபடியும் நிறைமாதம்.

மேற்படி நிலையம் செயல்படுகிறதா, இல்லையென்றால் காரணம் என்ன, இதுவரை ஆன செலவு என்ன என்று மூன்று பிரிவாகக் கேட்டிருந்தேன். எப்படிப் பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்வார்கள் என்று எனக்குள் ஒரு குஷி. இவர்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்!

கேள்வியை ஏற்று நாள் குறித்ததுமே குப்பத்துக்கு வேன் வந்தது. ஆடுகளை விரட்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள். கட்டில் வந்தது, தொட்டில் வந்தது, ட்யூப்லைட் எரிந்தது. சாருலதா என்று ஒரு நர்ஸும் வந்துவிட்டாள். சகினாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் சீட்டையும் படித்துவிட்டு, "குழந்தை நல்லா இருக்கு. தொப்புள்கொடி மட்டும் கழுத்துகிட்ட இருக்கிற மாதிரி தெரியுது. வலி எடுத்ததும் உடனே வந்துடணும்" என்றாள். குப்பத்துக்கே நர்ஸ் வந்துவிட்டதை ஹாஜிரா பீ அன்றைக்குப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நான் போய்ப் பார்த்தபோது சாருலதா என்னைத் தனியே அழைத்தாள்.

"டீச்சர், உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? இந்தக் கட்டில் எல்லாம் ஈக்காட்டுத்தாங்கல் ஆஸ்பத்திரியில இருந்து வந்தது. நானும் அங்க இருந்துதான். சட்டசபையில பதில் சொல்ற வரைக்கும் எங்களை இங்க போட்டிருக்காங்க. சொல்லி முடிச்சதும் திரும்பிப் போயிடணும்."

பள்ளிக்குப் போகாமல் நேரே பொன்னுரங்கத்தின் வீட்டுக்குப் போனேன். "கேள்வியைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கேள்வி நிலுவையில் இருக்கும்வரை ஆஸ்பத்திரியும் இருக்கும். சகினாவுக்குக் குழந்தை பிறந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றேன்.

அவர் சிரித்தார். "இன்னா டீச்சர், படிச்சவங்க நீங்களே இப்டி பயந்துகினு கீறீங்க? மந்திரி எழுந்து நின்னு 'நடக்குது'ன்னு சொல்லிட்டா அது புக்குல ஏறிடும். அப்புறம் எவன் பூட்டுவான்? பூட்டினா மந்திரி சொன்னது பொய்யின்னு ஆவுமே!"

வாய்ச்சவடால் என்றால் நானும் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் அதை மனசார நம்பினார். சட்டசபைப் புத்தகத்தில் அச்சாகிவிட்டால் அது மலை மாதிரி, நகராது என்று நினைத்தார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பதிலை நானே காதால் கேட்டேன். "பேரவைத் தலைவர் அவர்களே, நிலையம் சிறப்பாகச் செயல்படுகிறது. மற்ற பிரிவுகளுக்கு வினா எழவில்லை" என்றார் அமைச்சர். மேசைகள் அதிர்ந்தன. எந்தத் தேதியிலிருந்து செயல்படுகிறது என்று துணைக் கேள்வி கேட்கும்படி எழுதிக் கொடுத்திருந்தேன். பொன்னுரங்கம் எழுந்தார். ஆளுங்கட்சி உறுப்பினர் எழுந்தால் முதலில் கட்சித் தலைவரைப் புகழ வேண்டும், பிறகு அமைச்சருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் தலைவரைச் சூரியன் என்றார், கடல் என்றார், கற்பகத்தரு என்றார். அமைச்சருக்கு நன்றி சொல்லும்போதே மணி அடித்துவிட்டது. உட்கார்ந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் குப்பத்தில் பத்தாயிரம் வாலா வெடித்தது. பொன்னுரங்கம் மாலையோடு நின்று, "இனிமே இந்தக் கதவை எவனாலயும் பூட்ட முடியாது! சட்டசபையிலயே சொல்லிட்டாங்க!" என்று முழங்கினார். நான் ஹாஜிரா பீயைப் பிடித்து இழுத்து, "இதையெல்லாம் நம்பாதே. வலி எடுத்தால் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடு" என்றேன்.

"எம்மெல்லேவே சொல்றாரு, நீங்க இன்னா டீச்சரம்மா!" என்றாள். வெடிச் சத்தத்தில் நான் சொன்னது பாதி அவள் காதில் விழவே இல்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில் ஆண்கள் கடலுக்கும் பெண்கள் மீன் விற்கவும் போயிருந்தபோது வேன் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மதியம் சகினாவுக்கு வலி கண்டது. புருஷன் அக்பர் பாஷா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கதவில் பூட்டு. "நர்ஸம்மா சாப்பிடப் போயிருக்கும். இரு, இப்ப வந்துடும்" என்று பக்கத்து வீட்டுக் கிழவர் சொல்ல, அவனும் அதையே நம்பினான். சகினாவை வராந்தாவில் படுக்கவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பூட்டவே முடியாத கதவாயிற்றே, பூட்டியிருந்தால் சாப்பாட்டு வேளையாகத்தானே இருக்க வேண்டும்?

எனக்குச் சேதி வந்து நான் ஆட்டோவோடு போய்ச் சேர்ந்தபோது பெண்கள் சுற்றிலும் புடவையைப் பிடித்திருந்தார்கள். குழந்தை பிறந்துவிட்டிருந்தது. ஆண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றி நீலமாகக் கிடந்தது. ஹாஜிரா பீ என் முகத்தைப் பார்த்தாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. சகினா மட்டும் பிழைத்தாள்.

எழவுக்கு வந்த பொன்னுரங்கம் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த கூட்டத்தொடருக்கு அவராகவே வந்து, "எழுதுங்க டீச்சர்" என்றார். அந்த நிலையத்தில் இதுவரை எத்தனை பிரசவம் நடந்திருக்கிறது என்று மட்டும் எழுதினேன். ஒன்றுமில்லை என்றுதானே சொல்லியாக வேண்டும்? ஆனால் அக்பர் பாஷா பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்யப் போன இடத்தில், எங்கே பிறந்தது என்று கேட்டிருக்கிறார்கள். குப்பத்து ஆஸ்பத்திரியில் என்று அவன் சொல்லியிருக்கிறான். உள்ளேயா வெளியேயா என்று யாரும் கேட்கவில்லை.

"பேரவைத் தலைவர் அவர்களே, ஒரு பிரசவம் நடந்திருக்கிறது. தாய் நலம்" என்றார் அமைச்சர்.

மேசைகளைத் தட்டினார்கள். பொன்னுரங்கம் எழுந்தார். தலைவரைப் புகழவில்லை, நன்றி சொல்லவில்லை.

"குழந்தை?" என்றார்.

"அது வினாவில் இல்லை. உறுப்பினர் அமர வேண்டும். அடுத்த வினா."

"குழந்தை?" என்று மறுபடியும் கேட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள்.

புக்கில் ஏறிவிடும் என்றாரே, அந்தப் புத்தகம் அச்சாகி வந்ததும் வாங்கிப் பார்த்தேன். ஒரு பிரசவம் என்று இருந்தது, தாய் நலம் என்றும் இருந்தது. மேசை தட்டியதைக்கூட அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள். அவர் கேட்டது மட்டும் எங்கேயும் இல்லை.