ஒரு நாள் மூத்தவன்

ஓரியேவுக்கு வயிறு எரிய அந்தப் பையன் மட்டையைச் சுழற்ற வேண்டியதில்லை. மைதானத்துக்குள் நடந்து வந்தாலே போதும். நான்காம் வகுப்பு படிக்கும் தெப்பெய், ஐந்தாம் வகுப்பில் இருக்கும் அவள் மகன் ஹருமாவைவிட ஒரு தலை உயரம்.

"ஹருமா அண்ணன் இன்னும் வரலையா, ஆன்ட்டி?" என்று குனிந்து வணங்கிக் கேட்பான். அந்த 'அண்ணன்' காதில் விழும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே அறையில் இருந்த தாய்மாருக்குப் பிறந்தவர்கள். ஹருமா ஏப்ரல் ஒன்றாம் தேதி இரவு; மிகாகோவின் மகன் தெப்பெய் மறுநாள் விடியலில். நாட்டின் சட்டப்படி ஒருவருக்கு வயது கூடுவது பிறந்தநாளன்று அல்ல, அதற்கு முந்தைய நாள் முடிகிற நொடியில். ஆகவே ஹருமாவுக்கு ஆறு வயது நிரம்பியது மார்ச் கடைசி நாளில். மறுநாள் தொடங்கிய பள்ளி ஆண்டில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். தெப்பெய்க்கு வயது நிரம்பியபோது அந்த ஆண்டு தொடங்கிவிட்டிருந்தது. அவன் அடுத்த ஆண்டுக்குப் போனான். ஹருமா தன் வகுப்பிலேயே இளையவன், தெப்பெய் தன் வகுப்பிலேயே மூத்தவன்.

தென்ரியூ ஆற்றங்கரையில் நடக்கும் வட்டார பேஸ்பால் லீக்கும் வகுப்பை வைத்தே பிள்ளைகளைப் பிரித்தது. மூன்றும் நான்கும் சிறியவர் பிரிவு, ஐந்தும் ஆறும் பெரியவர் பிரிவு. வசந்தத்தில் மேலே போன ஹருமா, ஏறக்குறைய இரண்டு வயது மூத்தவர்களோடு மோத வேண்டியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டுவதே அவன் ஆட்டமாயிற்று. கீழ்ப் பிரிவில் தெப்பெய் பந்துகளை ஆற்றுக்குள் அடித்துக்கொண்டிருந்தான்.

"கோடை முடிஞ்சதும் நின்னுக்கறேன்மா. மட்டையை யாருக்காவது குடுத்துடலாம்" என்றான் ஹருமா ஒரு நாள்.

அந்த ஆண்டு லீக் குழுவில் பெற்றோர் சார்பில் உட்காரும் முறை ஓரியேவுடையது. பெற்றோர் கூட்டத்தில், இலையுதிர்கால ஆட்டங்களிலிருந்து பிறந்த ஆண்டை வைத்துப் பிரிக்கலாம் என்றாள். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை பிறந்தவர்கள் ஒரே கட்டு. அப்படிச் செய்தால் ஹருமா கீழே வந்து தெப்பெயோடு நிற்பான்.

லீக் தலைவர் ஷிராதோ தாடையைச் சொறிந்தார். "எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தானேங்க ஆகணும்? ஜனவரியில போட்டா டிசம்பர்ல பெத்தவங்க என் சட்டையப் பிடிப்பாங்க."

"பிடிக்கட்டுமே. பள்ளிக்கூடத்துல போட்ட கோட்டையே இங்கயும் போட்டா, அங்க கடைசியா நிக்கிற பிள்ளை இங்கயும் கடைசியாத்தான் நிப்பான். கோடு வேற இடத்துல இருந்தா, அங்க இளையவன் இங்கயாவது நடுவுல வருவான்."

மிகாகோ எதிர்ப்பாள் என்று ஓரியே பதில்களை அடுக்கிவைத்திருந்தாள். ஆனால் முதலில் கை தூக்கியது மிகாகோதான்.

"நல்லதாப் போச்சு, ஹருமா அம்மா. எங்க தடியன் வயசைக் குறைச்சுச் சொல்றான்னு எதிர் அணிக்காரங்க கேலி பண்றாங்க. இனிமே பக்கத்துல சம வயசுக்காரன் நிப்பான்."

சண்டையில்லாமல் கிடைத்த வெற்றி ஓரியேவுக்கு உப்பில்லாமல் இருந்தது.

கோடை முடிவில் இடங்களுக்குத் தேர்வு நடந்தது. ஹருமா கேட்டது ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்கும் இடம். தெப்பெயின் இடமும் அதுவே. தரையில் உருண்டு வந்த பந்துகளை இருவரும் தவறாமல் பிடித்தார்கள். ஆனால் அங்கிருந்து முதல் தளத்துக்கு எறிவது நீண்ட எறி. தெப்பெயின் பந்து கயிறு கட்டியதுபோலப் போனது. ஹருமாவுடையது வழியில் இரண்டு முறை தரையில் குதித்தது.

'என் பிள்ளை பள்ளி வருஷக் கடைசியில பொறந்தவன், சின்னவன்' என்று இத்தனை ஆண்டு சொல்லிவந்த பேச்சு ஓரியேவின் வாய்வரை வந்து நின்றுவிட்டது. கோட்டை அழித்தவள் அவள்தான். இப்போது எறிகிற இருவருக்கும் நடுவே ஒரே ஒரு இரவுதான். குறை சொல்லக்கூட ஒரு தேதி மிஞ்சவில்லை.

பயிற்சியாளர் ஹருமாவை இரண்டாம் தளத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து முதல் தளம் பக்கம். கைப்பலம் குறைந்தாலும் கால் வேகமாக இருந்தால் போதும்.

முதல் ஆட்டத்தில் பிள்ளைகளுக்குத் தேநீர் கொடுக்கும் முறை ஓரியேவுக்கும் மிகாகோவுக்கும். பார்லி தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது தெப்பெய் பக்கம் பந்து உருண்டது. அவன் எடுத்து வீச, ஹருமா ஓடிவந்து தளத்தை மிதித்தபடியே வாங்கி, திரும்பி முதல் தளத்துக்கு அனுப்பினான். ஒரே பந்தில் இருவர் அவுட்.

குடிக்க வந்த ஹருமாவிடம் ஓரியே தாழ்ந்த குரலில், "அந்த இடம் கிடைக்கலைன்னு வருத்தமாடா?" என்று கேட்டாள்.

"அது தெப்பெய் இடம்மா. அவன் எறியறதப் பிடிச்சா கை மரத்துப் போகுது, பாரேன்." சிவந்த உள்ளங்கையைப் பெருமையாகக் காட்டினான். "நான் நின்னுக்கப் போறதில்லை. அடுத்த வாரமும் வருவேன்."

அவன் ஓடியதும் மிகாகோ சொன்னாள்: "உங்க பையன் காலைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு, ஹருமா அம்மா. எங்களுது ஓடினா அலமாரிய நகத்தற மாதிரி இருக்கும்."

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். ஓரியே தம்ளரை நிரப்புவதில் கவனமாயிருந்தாள். தான் பத்து ஆண்டாக அடைகாத்த 'பொறாமை' என்ற சொல்லை, இவளால் இப்படிப் போகிறபோக்கில் சொல்லிச் சிரிக்க முடிகிறதே என்று அவளுக்குள் புதிதாக ஒரு எரிச்சல் மூண்டது.