நாற்றம் போனபின் இறங்கிய கரகன்

ஓர்க் கதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலாயிரம் பேர் படிக்கிறார்கள். ஆம்பூர் பக்கத்தில் ஒரு தோல் தொழிற்சாலையின் லேபில் பகலெல்லாம் ஆசிட்டும் சுண்ணாம்பும் அளந்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே கைபேசியில் தட்டித் தட்டி எழுதுகிறவள் நான், அஃப்ரோஸ். செவ்வாய்க்கிழமை தவறாமல் ஒரு அத்தியாயம் கதை படிக்கும் செயலியில் ஏற்றிவிடுவேன்.

கதை நூறு வருடம் கழித்து நடக்கிறது. பாலாற்றங்கரை முழுக்க ஒளிப்பலகைகள். மனிதர்கள் கழுத்தில் கணினிச் சில்லு பதித்துக்கொள்கிறார்கள், மந்திரங்களை நிரலாக விற்கிறார்கள். நாயகன் கரகன் ஒரு ஓர்க், இங்கிலீஷ் மாயக்கதைகளில் வரும் அரக்க இனம். ஏழடி உயரம், பச்சைத் தோல், கீழ்த்தாடையிலிருந்து மேலே நீட்டிய இரண்டு கோரைப்பல், ஒரு கை இரும்பு. கூலி கொடுத்தால் யாருக்காகவும் சண்டைக்குப் போவான்.

எங்கள் தொழிற்சாலையில் கரகனுக்கு உயிரையே விடும் ரசிகர் சம்பத் அண்ணன். கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்ய வரும் ஒப்பந்தத் தொழிலாளி. டீ நேரத்தில் செயலியையே சத்தமாக வாசிக்கவிட்டு, சுற்றி நாலைந்து பேரை உட்காரவைத்துக் கேட்பார்.

“கரகனும் நம்மள மாதிரி கான்ட்ராக்ட் ஆளுதான மேடம்” என்பார். “வேல முடிஞ்சா அவனுக்கும் கேட்டுக்கு வெளியதான் எடம்.”

அதைக் கேட்டு நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை. அவ்வளவு பெருமை எனக்கு.

போன செவ்வாய் வந்தது முப்பத்தொன்றாவது அத்தியாயம். திருடுபோன சில்லு ஒரு பழைய தோல் ஆலையின் விஷக்குழியில் கிடக்கிறது. கரகன் இடுப்பில் சங்கிலி கட்டிக்கொண்டு மூடியைத் திறக்கிறான். குடலைப் புரட்டும் நாற்றம். காத்திருக்கிறான். ‘நாற்றம் போனது. விஷமும் போனது’ என்று எழுதி, அவனை உள்ளே குதிக்க வைத்தேன்.

நான் எம்.எஸ்சி. வேதியியல். தோல் கழிவுக் குழியில் ஊறும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதிகமானால் முதலில் செத்துப்போவது மூக்குதான் என்பது எனக்குத் தெரியும். நாற்றம் நின்றுபோனால் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வருடாவருடம் பாதுகாப்பு வகுப்பில் இதையே தொண்டை கிழியக் கத்துகிறேன், பாதிப்பேர் தூங்குவார்கள். ஆனால் கதையில் அந்தக் காத்திருப்பு நன்றாக வந்தது. ஓர்க் கதைதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் புதன். பதினொரு மணிக்கு, சோதனைக்குக் கழிவுநீர் மாதிரி எடுக்க பாட்டிலோடு தொட்டிக்குப் போனேன். மூடி திறந்திருந்தது. சம்பத் அண்ணன் ஏணியில் மார்பு வரை உள்ளே இறங்கியிருந்தார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி, அவரோடு ஒப்பந்த வேலைக்கு வரும் கோவிந்தம்மாள் அக்கா. மூச்சுக்கருவி ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது.

“சம்பத்ண்ணா, இன்னா பண்றீங்க? மேல வாங்க.”

“பம்புல தோலு முடி மாட்டிக்கிச்சி மேடம்.” சிரித்தார். “பயப்படாதீங்க, உங்க கரகன் சொன்ன மாதிரிதான் எறங்கறேன். மூடியத் தெறந்தப்ப கொடலப் பொரட்டுச்சி. குனிஞ்சி பாத்துக்கினே இருந்தேன். இப்ப சுத்தமா நாத்தமே இல்ல.”

என் கையிலிருந்த பாட்டில் விழுந்து உடைந்தது. தள்ளி நின்ற எனக்கு அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்தது. அவருக்கு மட்டும் தெரியவில்லை.

“அது பொய்ண்ணா. நான் சும்மா எழுதுனது.”

அவர் என்னைப் பார்த்தார். அதே சிரிப்போடு கண் மேலே செருகியது, பிடி விட்டது, ஆள் காணாமல் போனார்.

கயிறு விறைத்து நின்றது. கரகன் சங்கிலி கட்டியிருந்தான் என்பதற்காக இவரும் கயிறு கட்டியிருந்தார். அதற்குமுன் ஒருநாளும் கட்டியதில்லை என்று கோவிந்தம்மாள் அக்கா பிறகு சொன்னார். லேபில் என்னோடு வேலை செய்யும் முஜாஹித் ஓடிவந்து உள்ளே குதிக்கப் போனான். சட்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஒன்று வைத்தேன். “கயித்த இழுடா.” முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சை அடக்கி மூன்று பேரும் இழுத்தோம். வெளியே வந்தபோது அவர் உதடு நீலமாக இருந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மத்தியானம் கண் விழித்தார். முகமூடிக்குள்ளிருந்து, “உங்க மேல தப்பில்ல மேடம், நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. வராந்தாவுக்கு ஓடிப்போய் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்ததும் அந்த அத்தியாயத்தை அழிக்கக் கைபேசியைத் திறந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு கருத்துகள். அழிப்பதற்குமுன் விரல் தானாகக் கீழே ஓடியது. காசிநாதன் என்று ஒரு பெயர். படத்தில் ரோஜாப்பூ, ஊர் இல்லை, நம்பர் இல்லை. நேற்றுச் சாயங்காலம் எழுதியிருக்கிறார்.

‘சூப்பர் சிஸ்டர். எங்க கம்பெனி தொட்டியும் அடச்சிருக்கு. நாளைக்கு ரெண்டு மணிக்கு நானும் என் தம்பியும் எறங்கறோம். கரகன் மாதிரியே நாத்தம் போற வரைக்கும் வெயிட் பண்ணிட்டு எறங்கறோம்.’

சுவரில் மணி ஒன்று ஐம்பது.

‘இறங்காதீங்க. நான் எழுதுனது பொய்’ என்று பதில் போட்டேன். மறுபடி போட்டேன். ஏழு தடவை போட்டேன். ஒன்றையும் அவர் பார்த்ததாகச் செயலி காட்டவில்லை. அவர் கருத்துக்குக் கீழே சின்னதாக ஒரு சிவப்பு இதயம் இருந்தது. நேற்று எல்லாருக்கும் போட்டதுபோல அவருக்கும் நான், படிக்காமலே, போட்டது.