லென்ஸுக்கு ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி

காலையில் பின்கதவைத் திறந்ததுமே புவனேஸ்வரனுக்கு வாசனை வந்துவிட்டது. போன வாரம் கொட்டித் தீர்த்த மழைக்கு இப்போதுதான் பலன். தண்ணீர்மலைச் சாலை மரங்களில் தொற்றி வளரும் புறாப்பூக்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒரே நாளில் மலர்ந்திருந்தன. அவர் மனைவி சாந்தினி பலகையில் கட்டி வளர்த்த செடியும் சளைக்கவில்லை. சரம் சரமாக வெள்ளை. இந்தப் பூவுக்கு ஆயுள் ஒரு பகல்தான். சாயங்காலம் துவண்டு தொங்கிவிடும்.

"பூத்திருச்சாங்க?" என்று சாந்தினி சமையலறைச் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

செடியை அவள் கட்டியபோது கண் நன்றாக இருந்தது. செடி முதல் பூ விடுவதற்குள் சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றுவிட்டது. எதிரே வருவது ஆள் என்று தெரியும், யார் என்று குரலை வைத்துத்தான் சொல்லுவாள். அடுத்த மாதம் இன்னொரு தடவை லேசர். 'இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம்' என்று டாக்டர் சொன்ன தொனியிலேயே மற்றதும் இவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த பெருமழைக்குச் செடி மறுபடியும் பூக்கும். அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் கேள்வி.

"மரத்து மேல தூரத்துல பாத்ததுதான். உள்ள மஞ்சளா இருக்குமாமே, அத மட்டும் ஒரு தடவ பாத்துட்டா போதும்" என்றாள்.

செய்து பார்க்காததில்லை. பூதக்கண்ணாடியைப் பிடித்தால் கை நடுங்கியது. குனிந்தால் அவள் தலையின் நிழலே பூவில் விழுந்தது. கைப்பேசியில் எடுத்துக் காட்டினால் அந்தத் திரையின் வெளிச்சத்தில் கண் கூசியது. ஆனால் புவனேஸ்வரனிடம் ஒரு பெரிய பெட்டிக் கேமரா இருந்தது. பிறை நகரத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பரிசு அது. முன்னால் லென்ஸ், நடுவில் இழுத்தால் நீளும் கறுப்புத் துருத்தி, பின்னால் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய சொரசொரப்புக் கண்ணாடி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் வேறு வெளிச்சம் கிடையாது. எதிரே இருப்பது மட்டும் அந்தக் கண்ணாடியில் விழும். இதைவிட அவளுக்கு என்ன வேண்டும்?

பலகையைச் சுவரோரம் முக்காலியில் சாய்த்து வைத்தார். கேமராவைக் கிட்டே கொண்டுவந்து துருத்தியை இழுத்தார். பூ பெரிதானது. இன்னும் இழுத்தார். இன்னும் பெரிதானது. ஆனால் துருத்தி நீள நீள வெளிச்சம் செத்துக்கொண்டே வந்தது. பழகிய அவர் கண்ணுக்கே மங்கல்தான்.

சாந்தினி துணிக்குள் வெகுநேரம் இருந்தாள். "இருட்டா இருக்குங்க" என்றாள். பிறகு வெளியே வந்து, "பரவால்ல. வாசன நல்லா வருதே" என்று சிரித்தாள்.

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்தச் சிரிப்பு அவரை என்னவோ செய்தது. அதைவிட மோசம், இதற்கு வழி என்ன என்று அவருக்குத் தெரியும். லென்ஸின் முன்னால் ஒரு க்ளோஸ்-அப் கண்ணாடியைத் திருகி மாட்டினால் துருத்தியை இப்படி இழுக்க வேண்டியதில்லை. வெளிச்சமும் அவ்வளவாகக் குறையாது. அது குவீன் தெருவில் நாணய மாற்றுக் கடை வைத்திருக்கும் ஹைதரிடம் இருக்கிறது. அவரிடம் இவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய்க் கேட்பது?

வாய்க்கொழுப்பு, வேறென்ன! போன வருஷம் கேமரா சங்கக் கூட்டத்தில், மல்லிகை மொட்டில் ஒரு வண்டு உட்கார்ந்திருக்கும் படத்தை ஹைதர் ஆசை ஆசையாகக் கொண்டுவந்து காட்டினார். எல்லாரும் பாராட்டினார்கள். புவனேஸ்வரன் மட்டும், "லென்ஸுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி மாட்டி எடுத்த படம். ஓரமெல்லாம் குழைஞ்ச சோறு" என்றார். ஒரே சிரிப்பு. ஹைதர் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனவர்தான், அப்புறம் பேசவே இல்லை.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மார்க்கெட் தெரு முனையில் மாலைக் கடைக்காரர் கூப்பிட்டது காதில் விழவில்லை.

ஹைதர் கடைக்கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். "என்ன ரேட்டு வேணும்?"

"ரேட்டு இல்ல ஹைதர். அந்தக் க்ளோஸ்-அப் கண்ணாடி..."

"எதுண்ணே? வெள்ளெழுத்துக் கண்ணாடியா?"

புவனேஸ்வரன் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார ஜோடி வரிசையில் நின்றது. தமிழ் தெரியாதவர்கள் என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"தப்பாப் பேசிட்டேன்லா. உன் படம் நல்லாத்தான் இருந்துச்சு. நான் எடுக்கலியேன்னு எரிச்சல்."

"இப்ப நீங்க என்ன எடுக்கப் போறீங்க?"

"எடுக்கறதுக்கு இல்ல. சாந்தினிக்குக் காட்டணும். புறாப்பூ. சாயங்காலம் வாடிரும்."

ஹைதர் கையிலிருந்த நோட்டுக்கட்டைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே திரும்பி, "சுஹானா, கடையப் பாத்துக்கம்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டு, மேசையடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். "உங்க மோட்டார்ல குடுத்தா ஒடச்சிருவீங்க. நீங்க போங்க, நான் காடியில வர்றேன்."

அவருடைய கார் வந்து நின்றபோது உச்சி வெயில். "யாருங்க?" என்றாள் சாந்தினி.

"நான்தான்கா, ஹைதர்."

"ஒரு வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சிச்சா?"

ஹைதர் பையைத் திறந்தார். தடித்த கண்ணாடி ஒன்று, அதன்மேல் மாட்ட இன்னொன்று. இரண்டையும் லென்ஸின் முன்னால் திருகினார். துருத்தியைச் சுருக்கி, பலகையை ஒரு சாண்கூட இல்லாத தூரத்துக்குத் தள்ளி வைத்தார். புவனேஸ்வரன் துணிக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடி முழுக்க ஒரே பூ, பளிச்சென்று. ஓரம் குழைந்துதான் இருந்தது. அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

சாந்தினி உள்ளே போனாள். வெளியே இரண்டு ஆண்களும் பரீட்சை எழுதிய பிள்ளைகளைப் போல நின்றார்கள்.

"தலைகீழா இருக்கு" என்றாள்.

"பெட்டிக் கேமராவுல அப்படித்தான்கா."

"மஞ்சள்... வரி வரியா இருக்கே. ஐயோ, எறும்பு ஒண்ணு அது மேல நடக்குது!"

புவனேஸ்வரன் திடுக்கிட்டுப் பூவைப் பார்த்தார். இருந்தது. மயிரிழைபோல ஓர் எறும்பு. அவரும் கவனிக்கவில்லை, ஹைதரும் கவனிக்கவில்லை.

"அண்ணே, பிலிமப் போடுங்க. இந்த வெளிச்சம் போனா வராது" என்று ஹைதர் கிசுகிசுத்தார்.

பிலிம் போட்டால் அந்தக் கண்ணாடி இருண்டுவிடும். "வேணாம். அவ பாக்கட்டும்" என்றார் புவனேஸ்வரன்.

வெகுநேரம் கழித்துத் துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "பூவ எடுத்துட்டு நீங்க வந்து உக்காருங்க."

"நானா?"

"உங்க மூஞ்சிய நான் கடைசியா எப்பப் பாத்தேன்?"

ஹைதர் சத்தமில்லாமல் பலகையை எடுத்து ஓரமாக வைத்தார். புவனேஸ்வரன் முக்காலியில் உட்கார்ந்து, பூ இருந்த இடத்தில் முகத்தைக் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவு கிட்டத்தில் முழு முகம் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியும். அரிசியளவு நகர்ந்தாலும் கலங்கிவிடும்.

"இன்னும் கொஞ்சம் முன்னால. போதும். அசையாதீங்க." இத்தனை வருஷமாக அவர் மற்றவர்களிடம் சொல்லிவந்த வார்த்தை அது. "இது மீசையா? என்னங்க, வெள்ளையா இருக்கு! சாயம் அடிக்கிறத எப்ப விட்டீங்க?"

என்னவென்று சொல்லுவது? அவள் பார்க்க மாட்டாள் என்று தெரிந்த பிறகு யாருக்காக அடிப்பது என்றுதான் விட்டுவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் சாந்தினி. "கொஞ்சம் குனிங்க. கண்ணப் பாக்கணும்."

குனிந்தார். லென்ஸுக்குள் தன் முகமே சின்னதாகத் தெரிந்தது. அதற்கும் பின்னால், துணிக்குள், அவள் இருந்தாள்.

"அழுவுறீங்களா?"

"இல்ல."

"எனக்குத் தெரியுதுங்க" என்றாள் சாந்தினி. "அசையாதீங்க."